கெட்டி மேளத்தில் ஒரு படம்

படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு விஷயம் புரிந்துவிட்டால், அந்த வேலையே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வான். அதிலும் குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்தவனுக்கு வியாதி முற்றிப்போயிருக்கும். வீட்டில் அவனைத் திருத்த ஆள் இல்லை. அவன் பேசுவது யாருக்கும் புரிவதில்லை; புரியாததாலேயே எல்லாரும் பெருமைப்படுகிறார்கள். (நான் கம்ப்யூட்டர் முன்னால் கொட்டாவி விட்டால்கூட, "மூளைக்கு வேலை அதிகம்" என்று அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.)

நான் அந்த நோயாளிகளில் ஒருவன். நோய் உச்சத்துக்குப் போனது என் அக்காவின் கல்யாணத்தன்று, சரியாகக் கெட்டி மேளம் முழங்கிய நேரத்தில்.

எங்கள் குடும்பம் மலேசியாவில், சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தது. அப்பா எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றும் வேலை பார்த்தார். அக்கா செல்வி மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பாக்கார் ஆராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அவள் கையுறைகளைப் பெட்டியில் அடுக்கியதால்தான் நான் பாடங்களை மண்டையில் அடுக்க முடிந்தது. படித்து முடித்ததும் எனக்கும் அதே தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அக்கா கீழ்த்தளத்தில், தலையில் வலைத்தொப்பியோடு. நான் மேல்மாடியில், குளிர் அறையில், கம்ப்யூட்டர் பகுதியில். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் அக்கா விரலை உயர்த்தி, "என் தம்பி மேல இருக்கான்" என்பாள். (கேட்டவர்களில் இரண்டொருவர் அனுதாபம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.)

உண்மையில் மேலே போனது அப்பாதான். கல்யாணத்துக்கு முந்தின வருஷம், குலை ஏற்றிக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. தோட்டத்து வீடு அவருடைய வேலையோடு ஒட்டியது. அவர் போனதும் அதுவும் போனது. பாக்கார் ஆராங்கில் ஒரு வாடகை வீடு பார்த்து வந்தோம். அங்கிருக்கும்போதுதான் அக்காவுக்கு செர்டாங்கிலிருந்து, செம்பனை ஆலையில் வேலை செய்யும் மாப்பிள்ளை அமைந்தார்.

அப்பா இல்லாத கல்யாணம். கன்னிகாதானத்துக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்காருவதென்று முடிவாயிற்று. அம்மா மேடைக்கே வரமாட்டேன் என்றுவிட்டார். "நான் கீழ உக்காந்து பாக்குறேன்லா. எனக்கு அது போதும்." நான் படித்தவன் என்ற முறையில் இதெல்லாம் மூடப்பழக்கம் என்று நீளமாகப் பேசினேன். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா பேசுற" என்று மட்டும் சொல்லிவிட்டு உளுந்து ஊறப்போடப் போய்விட்டார்.

ஆக, எங்கள் வீட்டிலிருந்து மேடையில் நிற்கப்போவது நான் ஒருவன்தான். தாலி ஏறியதும், அக்னிக்கு முன்னால் பெண்ணின் கையில் உடன்பிறந்தவன் பொரி அள்ளிப் போட வேண்டும். அவள் அதை நெருப்பில் இடுவாள். கல்யாணத்துக்காக அக்கா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"சேலை வேணாம், ஒண்ணும் வேணாம். பொரி போடுறப்ப நீ பக்கத்துல நின்னா போதும் தம்பி."

"என்னக்கா இது, இதப் போயி ஒரு விஷயமா கேக்குற?" என்றேன். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னேன்.

இப்போது என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், அம்மாவுக்கே புரிந்த விஷயம்தான்.

எங்கள் தொழிற்சாலையில் எந்தப் பெட்டியில் எந்த நாள் கையுறை இருக்கிறது, அது சோதனையில் ஒழுகியதா இல்லையா என்பதெல்லாம் ஓர் அலமாரியில் பதிவாகிக்கொண்டே இருக்கும். அலமாரி என்றால் உள்ளே துணிமணி இல்லை, வரிசை வரிசையாக டிஸ்குகள். அது பழசாகிவிட்டது. புது அலமாரி வாங்கிப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். பழையதில் இருப்பதை அப்படியே புதியதற்கு மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாக நகல் எடுத்தால் ஒரு பகல் முழுக்க ஆகும். அதுவரை ஆலையை நிறுத்திவைக்க முடியாது. நகல் எடுக்கும்போதே பதிவும் மாறிக்கொண்டிருந்தால், தலை ஒரு நேரத்ததாகவும் கால் ஒரு நேரத்ததாகவும் நகல் வந்து சேரும். அதற்காகத்தான் அந்த வித்தை. ஒரே ஒரு நொடி எல்லாவற்றையும் அசையாமல் நிறுத்தி, அந்த நொடியில் அலமாரி எப்படி இருந்ததோ அப்படியே ஒரு நகலைப் பிடிப்பது. நானும் என் மேலதிகாரியும் தமிழில் பேசிக்கொள்ளும்போது அதைப் 'படம்' என்போம். "படம் எடுத்தாச்சா?" "எடுத்தாச்சுண்ணே." அவ்வளவுதான்.

அந்த மேலதிகாரி காதர் அண்ணன். சுங்கைப் பட்டாணியில் அவர் குடும்பத்துக்கு உணவுக்கடை இருக்கிறது. வீட்டில் எல்லாரும் நுரை பொங்கத் தே தாரே டீ இழுக்க, அவர் மட்டும் கேபிள் இழுக்க வந்துவிட்டார். அலமாரி மாற்றும் வேலைக்குக் கிடைத்த ஞாயிறு, அக்காவின் கல்யாண ஞாயிறாக அமைந்தது. வேறு ஞாயிறில் ஆலையின் எல்லா உற்பத்தி வரிசைகளும் ஒன்றாக நிற்காது.

"உங்க அக்கா கல்யாணம்டா. நீ போ. நான் பாத்துக்குறேன்" என்றார் காதர் அண்ணன்.

"நீங்க கல்யாணத்துக்கு வரணும்ணே. வரலன்னா அக்கா கோவிச்சுக்கும். மண்டபத்துலேர்ந்தே லேப்டாப்புல செஞ்சிடுறேன். ஒரு நொடி வேலைதானே?"

"படம் எடுக்குறது ஒரு நொடி. அதுக்கப்புறம்?"

"தெரியும்ணே. பின்னாடி ஓடும். சாயந்திரம் வரைக்கும் ஆகும். அதுவரைக்கும் பழசத் தொடக்கூடாது."

"ம்ம்" என்றார். எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

அன்று மாலை தாம்பூலப் பை மடித்துக்கொண்டே அக்கா கேட்டாள்: "ஒரு நொடியில எப்படி தம்பி அவ்வளவும் மாறும்? இந்தப் பைய மடிக்கவே ரெண்டு நாளாகுது."

"இந்த வீட்டுல பால் காய்ச்சுனோம்ல, ஞாபகம் இருக்கா?"

நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினோம். அந்த நிமிஷத்திலிருந்து இதுதான் எங்கள் வீடு. ஆனால் உள்ளே அப்போது இருந்தது ஒரு பால் பாத்திரமும் சாமி படமும் மட்டுமே. கட்டில், பீரோ, அம்மி எல்லாம் தோட்டத்து வீட்டில். லாரி கிடைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு லோடாக வந்து சேர்ந்தது. இடையில் அம்மாவுக்கு அம்மி வேண்டுமென்றால் நான் பழைய வீட்டுக்கு ஓடி எடுத்து வர வேண்டும். அதே கதைதான் இங்கேயும். படம் எடுத்த நொடியில் புது அலமாரி முழு வீடாகத் தெரியும். யார் எதைக் கேட்டாலும் கொடுக்கும். ஆனால் அது ரகசியமாகப் பழைய அலமாரிக்கு ஓடித்தான் எடுத்து வந்து கொடுக்கும். பழைய வீட்டில் யாராவது ஒரு பொருளை மாற்றப் போனால், "கொஞ்சம் பொறு" என்று, அது இருந்தபடியே முதலில் புது வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் மாற்றவிடும். மிச்சமெல்லாம் லோடு லோடாகப் பின்னால் வந்துகொண்டே இருக்கும்.

அம்மா பை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அப்ப, பால் காய்ச்சுன அன்னிக்கே யாராச்சும் பழைய வீட்ட இடிச்சிட்டா?"

"பால் பாத்திரந்தான் மிஞ்சும். ஆனா யாரும்மா அந்த மாதிரி கிறுக்குத்தனம் பண்ணுவா?"

இப்படி அக்காவுக்கு விளக்கினேன், அம்மாவுக்கு விளக்கினேன், பை கொண்டுவந்து கொடுத்த கடைக்காரருக்குக்கூட நிறுத்திவைத்து விளக்கினேன். விளக்காமல் விட்டது அஸ்மானுக்கு மட்டும்தான்.

அஸ்மான் எங்கள் பகுதியில் புதிதாகச் சேர்ந்த மலாய்க்காரத் தொழில்நுட்பாளன். தங்கமான பையன். சொன்னதைச் சொன்னபடி செய்வான். கூடுதலாக ஒரு மரியாதையும் சேர்த்துச் செய்வான். அந்த ஞாயிறு குளிர் அறையில் இருக்கப்போவது அவன்தான். நகல் முழுவதும் வந்து சேர்ந்தபின் பழைய அலமாரியைத் துடைத்து அழிப்பது அவன் வேலை. அவனும் இதே துறைக்காரன்தானே, தெரியாதா என்று விளக்கத்தை விட்டுவிட்டேன். ஆனால் எச்சரிக்கை மட்டும் கொடுத்தேன். மலாயில் அழிப்பதற்கு 'படம்' என்பார்கள். விளக்கை அணைப்பதற்கும் அதே சொல்தான். எனவே அவனிடம் மிகத் தெளிவாக, விரலை ஆட்டிச் சொன்னேன்:

"சாயா சாக்காப் படம், பாரு படம்."

அதாவது, நான் 'படம்' என்று சொன்னால்தான் அழிக்க வேண்டும். சொல்லாதவரை தொடக்கூடாது. எவ்வளவு பொறுப்பான ஏற்பாடு பாருங்கள்.

கல்யாணம் கோயில் மண்டபத்தில். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, வாழையிலையும் தேங்காயும் அடுக்கியிருந்த சாமான் அறையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். ஆலையில் எல்லாம் நின்றுவிட்டதாக அஸ்மான் போனில் சொன்னான். பொத்தானை அமுக்கினேன். ஒரு நொடி. திரையில் புது அலமாரி, பழையதைப் போலவே முழுதாக, கொழுகொழுவென்று வந்து நின்றது.

"சியாப்!" என்றேன். முடிந்தது என்று அர்த்தம். முடியாத வேலையை 'முடிந்தது' என்று அறிவித்தது அன்றைய என் முதல் சாதனை.

"வா, செப்பாட்ஞா, பாங்!" என்று அஸ்மான் வியந்தான். எவ்வளவு சீக்கிரம், அண்ணே! அந்த வியப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆகவே நான் அவனைத் திருத்தவில்லை.

போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஏதாவது அவசரம் என்றால்? போனை வேட்டி மடிப்பில் செருகி, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு, தொடர்பைத் துண்டிக்காமலே மேடையேறினேன். தலைப்பாகை காதை மறைத்தது. அக்கா மணையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் வரிசையில் காதர் அண்ணன், தொப்பியும் புதுச் சட்டையுமாக.

படம் பிடிக்க வந்தவர் பெயர் குமார். என் வயதுதான் இருக்கும். கூட வர வேண்டிய ஆள் வரவில்லை. கழுத்தில் ஒரு கேமரா, கையில் ஒரு வீடியோ கேமரா என்று தனியாக அல்லாடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தார்கள். குமார் பின்னால் தள்ளப்பட்டார்.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

மேளமும் நாதஸ்வரமும் ஒன்றாக வெடித்தன. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குமார் எம்பி எம்பிக் கத்தினார்: "அண்ணே! படமா, வீடியோவா? ரெண்டும் முடியாது! ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க!"

அதே நேரத்தில் என் காதுக்குள் அஸ்மான் ஏதோ கேட்டான். மேளச் சத்தத்தில் ஒரு கொசு பேசுவதுபோல் இருந்தது. அவன் கேட்டது, "பாங், பழையது இங்கே இருக்கு, இப்போ அழிக்கவா?" என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் அக்காவின் கழுத்தில் தாலி ஏறுவதும், அதைப் படமெடுக்க ஆளில்லை என்பதும்தான்.

"படம்!" என்று கத்தினேன். "படம்! படம்!"

குமாருக்குக் கேட்கவில்லை. கையைக் காதில் குவித்தார்.

காதில் மறுபடி கொசு. (அலமாரி நல்ல அலமாரி. "நகல் இன்னும் முழுதாக வரவில்லை, நிச்சயமாக அழிக்கவா?" என்று ஒரு தடவை கேட்டிருக்கிறது. அஸ்மானும் நல்ல பையன். என்னிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறான்.)

"படம்னா படந்தான்! எத்தன தடவ சொல்றது? செப்பாட் லா!"

நம் ஊர்த் தமிழில் 'சீக்கிரம்' என்று சொல்ல வாய் வராத நேரத்தில் 'செப்பாட்' வந்துவிடும். யாரிடம் பேசுகிறோம் என்பதற்கு அது சாட்சியில்லை. ஆனால் அஸ்மானுக்கு அதுதான் சாட்சி.

குமார் வீடியோவை இறக்கிவிட்டு, ஒரு நாற்காலிமேல் ஏறிப் படத்தை எடுத்துவிட்டார். மூன்றாவது முடிச்சு விழுந்தது. அட்சதை மழையாகக் கொட்டியது. அம்மா எழுந்து நின்று அழுதுகொண்டிருந்தார். மேளம் ஓய்ந்தது. ஓய்ந்த அமைதியில் காதுக்குள் தெளிவாகக் கேட்டது.

"சுடா, பாங்." ஆயிற்று அண்ணே.

"எது ஆயிற்று?" என்று மலாயில் கேட்டேன்.

"படம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. "ஆமாம், இப்போதுதான் எடுத்தார். அங்கிருந்து உனக்கு எப்படித் தெரியும்?"

 குளிர் அறையின் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, மிகுந்த மரியாதையோடு, அஸ்மான் நடந்ததைச் சொன்னான்.

மேடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாமான் அறைக்கு ஓடினேன். லேப்டாப்பில் பழைய அலமாரி இல்லை. புதியது கொழுகொழுவென்று அப்படியே நின்றது. திறந்து பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குகூட உள்ளே வந்து சேர்ந்திருக்கவில்லை. மற்ற இடமெல்லாம் ஓட்டை. 'அம்மி பழைய வீட்டில் இருக்கிறது' என்று எழுதிவைத்த சீட்டுகள் மட்டும் இருந்தன. பழைய வீடு இல்லை.

காதர் அண்ணன் என் முகத்தைப் பார்த்தே பின்னால் வந்துவிட்டார். வாழையிலைக் கட்டின்மேல் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் திட்டியிருப்பார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

"பால் பாத்திரந்தான் இருக்கு" என்றார். (அவருக்கும் விளக்கியிருந்தேன்.)

நான் தட்டிக்கொண்டே இருந்தேன். மீட்டுக்கொடு என்று கேட்டேன். இல்லை என்றது. வேறு மாதிரிக் கேட்டேன். அப்போதும் இல்லை என்றது. கதவுக்கு வெளியே ஒலிபெருக்கியில் ஐயர் குரல் வந்தது: "பொண்ணோட உடன்பிறந்தவர் வாங்க. பொரி போடணும்."

"போடா" என்றார் காதர் அண்ணன். "வெள்ளிக்கிழமைப் பிரதி டேப்புல இருக்கு. அதப் போட்டுக்கலாம். சனிக்கிழமை போனது போனதுதான். நீ இங்க உக்காந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"ரெண்டு நிமிஷம்ணே."

"உடன்பிறந்தவர் எங்கிருந்தாலும் மேடைக்கு வாங்க."

"வேலு, கூப்பிடுறாங்கடா."

"இதோண்ணே, இன்னும் ஒரே ஒரு வழி இருக்கு..."

வழி ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும். இந்த வித்தை எப்படி நடக்கிறது என்பதை எங்கள் வீட்டுத் தெருவில் என்னைவிடத் தெளிவாக விளக்கக்கூடியவன் கிடையாது. மூலம் போனால் நகல் இல்லை. தெரிந்தும், ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன். காப்பாற்ற எதுவுமே இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னைக் கூப்பிடும் இடத்துக்குப் போகாமல் இருந்தேன். ஒலிபெருக்கி மூன்றாவது தடவையும் கூப்பிட்டது. அதன்பிறகு கூப்பிடவில்லை.

காதர் அண்ணன் கடைசியில் லேப்டாப்பை மூடி, என்னைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்.

மண்டபம் காலியாகக் கிடந்தது. தாலி ஏறியதும் சனம் சாப்பாட்டுக்குப் போய்விடும், தெரிந்ததுதானே. மேடையில் புகை. அக்காவும் மாப்பிள்ளையும் அக்னியைச் சுற்றி முடித்துவிட்டிருந்தார்கள். அக்காவின் பக்கத்தில், கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு, குமார் நின்றார். அவர் இரண்டு உள்ளங்கையிலும் பொரி ஒட்டியிருந்தது.

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்றார் என்னிடம். "நேரம் போயிடும்னு ஐயர் சொன்னாரு. பக்கத்துல யாருமே இல்ல. அக்கா கையை ஏந்திக்கிட்டே நின்னாங்க. பாக்க முடியல. அதான்..."

படம் எடுக்க வந்தவரே பொரி போடப் போய்விட்டதால், பொரி போடும் படம் எடுக்கப்படவில்லை. மற்ற போன்களெல்லாம் அப்போது சாம்பாருக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தன. அக்காவின் கல்யாண ஆல்பத்தில் தாலி ஏறும் படம் இருக்கிறது. மூலையில் தலைப்பாகையோடு ஒருவன் வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருக்கிறான். அடுத்த பக்கத்தில் எல்லாரும் சாப்பிடுகிறார்கள். நடுவில் ஒன்றும் இல்லை.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் திட்டை எதிர்பார்த்தேன்.

"வேலை முடிஞ்சிருச்சா தம்பி?" என்று கேட்டாள். நிஜமாகவே அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

திங்கட்கிழமை விசாரணை. மேலாளர் ஒரு மலாய்க்கார அம்மா. நாங்கள் மரியாதைக்கு 'புவான்' என்று கூப்பிடுவோம். கண்டிப்பானவர், நியாயமானவர். அன்று எனக்கு இரண்டுமே உதவவில்லை.

"நீங்கள் 'படம்' என்று சொன்னீர்களா?"

"சொன்னேன், புவான். ஆனால் நான் சொன்னது படம்."

"அதைத்தான் கேட்கிறேன்."

"இல்லை புவான். இது வேறு படம். தமிழ்ப் படம்."

"நீங்கள் வேலை நேரத்தில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தீர்களா?"

அஸ்மான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. காதர் அண்ணன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை.

வேலை போகவில்லை. அஸ்மான்மேல் தப்பில்லை என்று காதர் அண்ணன் எழுதிக்கொடுத்தார். என்மேல்தான் தப்பு என்று நானே எழுதிக்கொடுத்தேன். என் வேலையை நிரந்தரமாக்குவதைத் தள்ளிவைத்தார்கள். சனிக்கிழமைச் சோதனை முடிவுகள் எல்லாம் அழிந்துவிட்டதால், அந்தப் பெட்டிகளிலிருந்து கையுறைகளை எடுத்து மறுபடி சோதிக்க வேண்டும். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்க்கும் வேலை. அதற்கு ஆள் போதவில்லை. மேல்மாடிக்காரன் கீழே இறக்கப்பட்டான்.

வரிசை வரிசையாகத் தண்ணீர் நிரம்பிய கைகள் தொங்கும். நான் நடுவில் வலைத்தொப்பியோடு நிற்பேன். அக்காவின் தோழிகள் விடுவார்களா?

"மேல இருந்த தம்பி கீழ வந்துருச்சுடி!"

"இஞ்சினியர் சார், இந்தக் கை உங்களுக்கு டாட்டா காட்டுது பாருங்க!"

"ஏய், அவர்கிட்ட பேசாதீங்க. ஒரு வார்த்த பேசுனாருன்னா பேக்டரியே காணாமப்போயிடும்லா!"

கல்யாண விடுப்பு முடிந்து அக்கா வந்த அன்றும் நான் அங்கேதான் இருந்தேன். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்று, அவளும் கையுறைகளைத் தொங்கவிட ஆரம்பித்தாள். தோழிகள் அடங்கிவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூணு தடவ கூப்பிட்டாங்க தம்பி. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. நான் மட்டும் திரும்பவே இல்ல. எப்படியும் நீ வந்துருவேன்னு இருந்தேன்."

நான் பிடித்திருந்த கையுறை ஒழுகவில்லை. சோதனையில் தேறியது என்று குறித்துக்கொண்டேன். 

அதன்பிறகு எங்கள் வீட்டில் சில சட்டங்கள் வந்துவிட்டன. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், கெட்டி மேளத்துக்கு முன்னால் அம்மா கைப்பையைத் திறந்து என் முன்னால் நீட்டுவார். நான் போனை அதற்குள் போட வேண்டும். காதைத் திருப்பிக் காட்ட வேண்டும். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் பார்க்கத்தான் இந்தச் சோதனை நடக்கும்.

குமார் எங்கள் குடும்பத்தில் ஓர் ஆளாகிவிட்டார். பொரி போட்டவர் உடன்பிறந்தவர்தானே? தீபாவளிக்கு அக்கா செர்டாங்கிலிருந்து வரும்போது இரண்டு சட்டை எடுத்துவருவாள். பெரும்பாலும் அவருடையது நல்ல சட்டையாக இருக்கும்.

அக்காவுக்குப் பெண் பிறந்தாள். காதுகுத்துக்கு செர்டாங் போனோம். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இந்தத் தடவை விடக்கூடாது என்று நான் விடிந்ததிலிருந்தே மணையில் உட்கார்ந்திருந்தேன். போன் அம்மாவின் பையில். காது சுத்தம். குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். ஊசியைப் பார்க்கும் முன்பே, என் முகத்தைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள். கத்திக்கொண்டே, எதிரில் கேமராவோடு நின்ற குமாரிடம் இரண்டு கையையும் நீட்டினாள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து இடம் விட்டேன்.

குமார் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். குழந்தை அவர் மடியில் கப்சிப். கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "அண்ணே, நீங்க ஒரு படம்..."

"ஐயையோ!" என்று அம்மா பாய்ந்து வந்தார். "அவன்கிட்ட அந்த வார்த்தைய சொல்லாதப்பா! இருக்கிறதையும் அழிச்சிடுவான்!"

மண்டபமே சிரித்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகிவிட்டிருந்தது. ஆகவே நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே படத்தை எடுத்தேன். அதில் எல்லாரும் இருக்கிறார்கள், என்னைத் தவிர.

அந்தக் குழந்தைக்கு இப்போது நன்றாகப் பேச்சு வந்துவிட்டது. குமாரை 'மாமா' என்று கூப்பிடுகிறாள். என்னைப் 'படம் மாமா' என்கிறாள். எந்த மொழியில் கூப்பிடுகிறாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை.